பதினோரு மருந்து

கேத்தியில் பனி இறங்கும் நேரத்தை
பால் சொசைட்டி ரசீதின் பின்பக்கம் குறித்துவைப்பேன்.
ஜூன் இருபத்திரண்டு, மதியம் இரண்டரை.
மூன்றாம் நாள் இலையடியில் வெள்ளைப் பூஞ்சை,
ஆறாம் நாள் தோட்டம் முழுக்க
கெட்ட மீன் வாடை.

அதனால் மருந்து.
போன போகத்தில் அரை ஏக்கருக்குப் பதினோரு தடவை.
ஒவ்வொரு தடவையும் கடைக்கு ஆயிரத்து நானூறு,
அடிக்கும் மருதைக்கு அறுநூறு.
அவன் இருமலுக்கு நோட்டில் கட்டம் இல்லை.

சமுதாயக் கூடத்தில் படம் போட்டுக் காட்டினார்கள்.
ஏதோ காட்டுக்கிழங்கின் மரபணு ஒன்றை
நம் உருளைக்குள் வைத்திருக்கிறார்களாம்.
பனியில் நின்றாலும் கருகாதாம்.
இன்னும் சோதனையில்தான் இருக்கிறது என்றாள்
கண்ணாடி போட்ட அந்தப் பெண்.
திரையில் ஒரு கோடு
பத்து வருஷத்துக்கு ஏறிக்கொண்டே போனது.
இந்த மலையில் எங்குமே இறங்காமல்
ஏறுகிற பாதையை நான் பார்த்ததில்லை.

விதை என்ன விலை என்றான் போஜன்.
எடுத்ததில் மறுபோகத்துக்கு ஒதுக்கிக்கொள்ளலாமா
என்றாள் பெள்ளியம்மா.
நான் கேட்க நினைத்தது வேறு:
எல்லார் தோட்டமும் பிழைத்துவிட்டால்
மேட்டுப்பாளையம் மண்டியில் மூட்டை என்ன போகும்?
போன வருஷம் எனக்கு நல்ல விலை.
தும்மனட்டியில் அழுகிப்போயிருந்தது.
அதை எப்படிச் சபையில் சொல்ல.

இரவு நோட்டைப் பிரித்து
பதினொன்றை அடித்துவிட்டு இரண்டு என்று போட்டேன்.
மிச்சம் பதினெட்டாயிரம்.
மூட்டைக்கு நூறு இறங்கட்டும்,
எண்பது மூட்டைக்கு எட்டு போக, பத்து.
விதைக்கு ஐந்து கூடுதல் என்று வை.
ஐந்து.
ஐந்தைப் பத்து வருஷத்தால் பெருக்கி
வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பெரிய தொகை இல்லை.
ஆனால் கழுத்துச் சங்கிலியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு
குன்னூர் பஸ் ஏறாத
பத்து ஜூலை.

அணைக்கப் போனபோதுதான்
அடித்த அந்த ஒன்பது தடவை ஞாபகம் வந்தது.
மருதைக்கு ஒன்பது நாள் கூலி,
ஐயாயிரத்து நானூறு.
என் மிச்சத்தைவிட நானூறு கூட.
அவன் நெஞ்சில் என்ன மிஞ்சும் என்று
எந்த மண்டியில் எடை போடுவது?
விளக்கை அணைக்காமலே படுத்தேன்.

விடிந்ததும் டேங்கைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான்.
"அக்கா, இன்னைக்கு எத்தனையாவது?"

ஏழு என்றேன்.
மூக்கில் கட்ட
என் பழைய துப்பட்டாவைக் கிழித்துக் கொடுத்தேன்.
வாங்கித் தலையில் கட்டிக்கொண்டு
வரப்பில் இறங்கினான்.