அட்டவணையில் சிவப்பு

வெள்ளகோவில் தாண்டி முத்தூர் ரோட்டில்
இருபதாயிரம் ஸ்பிண்டில் ஓடும் மில்.
பேனல் ரூமில்
காலி கேபிள் டிரம்மின் மேல் மடிக்கணினி.
நாற்பத்தோரு சுவிட்சுகளில்
பதினேழு தேறவில்லை என்கிறது மென்பொருள்.
களத்தில் மிளகாய் பரப்பினாற்போல்
பதினேழு வரியும் சிவப்பு.

முதலில் ஆயிரம் கேவிஏ மின்மாற்றி ஒன்றுதான் இருந்தது.
போன தையில் பக்கத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது.
இரட்டை மாடு பூட்டினால் வண்டி லேசு என்று
இரண்டையும் ஒரே பஸ்பாரில் சேர்த்துவிட்டார்கள்.
லேசுதான்.
ஆனால் எங்காவது
மூன்று பேஸும் முட்டிக்கொண்டால்
ஒன்று இருபத்தாறரை கிலோ ஆம்பியர் தரும்,
மற்றதும் தரும்,
ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார்கள்கூட
சுழற்சியில் மிச்சமிருப்பதை
வந்த வழியே திருப்பி அனுப்பும்.
ஐம்பத்தெட்டு என்று எழுதினேன்.
சுவிட்சுக்கு நேரே, எட்டு.

"அத்தனையும் மாத்தோணுங்களா?"
மேனேஜர் தங்கமுத்துவின் முகத்தில்
அன்றைய பஞ்சு விலை.

பொறுங்க என்றேன்.
தப்பு என்னுடையது.
எட்டு என்பது வெறும் கத்திகளின் தாங்குதிறன்.
பெயர்ப்பலகையை ஈரத்துணியால் துடைத்தால்
இரண்டாம் வரியில், பொடி எழுத்தில், எண்பது.
அதற்கும் கீழே
இன்ன வகை, இன்ன அளவு ஃபியூஸுடன் மட்டும்.
நிபந்தனை போட்டுப் பேசி முடித்த சம்பந்தம்:
இன்னார் உள்ளே இருந்தால்
இவ்வளவு தாங்குவேன்.

ஐம்பத்தெட்டு வரத்தான் பார்க்கும்.
வந்து சேராது.
கீழ்பவானியில் திறந்துவிட்டதாகச் சொன்ன தண்ணீரும்
கடைமடையில் கால் நனைக்கும் தண்ணீரும் ஒன்றல்ல,
முத்தூர்க்காரருக்கு
இதை நான் சொல்ல வேண்டியதில்லை.
பீங்கானுக்குள் மணலில் புதைத்த வெள்ளித் தகடு
கழுத்து சிறுத்த இடங்களில் அறுந்து,
மணலை உருக்கிக் கண்ணாடியாக்கி,
முதல் அலை உச்சிக்கு ஏறுவதற்குள்
கதவைச் சாத்திவிடும்.
சுவிட்ச் பார்ப்பது இருபத்திரண்டுதான்.
அதுவும் உச்சத்தில்,
ஒரு நொடியை இருநூறாக வெட்டினால்
அதில் ஒரு துண்டு நேரம்.

கட்டங்களைத் திருத்தினேன்.
பதினேழும் பச்சை.
தங்கமுத்து டீ சொல்லி அனுப்பினார்.

பச்சையை நம்பிப் போயிருக்கலாம்.
ஷிப்டு மாறும் இடைவெளியில்
ஒவ்வொன்றாய்த் திறந்து காட்டச் சொன்னேன்.
எலெக்ட்ரீசியன் சென்னியப்பன்
பதினொன்று வரைக்கும் பேசிக்கொண்டே திறந்தார்.
மகள் சென்னிமலையில் நர்சிங் படிக்கிறாளாம்.
பன்னிரண்டில் பேச்சு நின்றது.

ஹியுமிடிபிகேஷன் விசிறிக்குப் போகும் சுவிட்ச்.
இரண்டு இடத்தில் வெள்ளைப் பீங்கான்.
மூன்றாவதில் செம்புத் தகடு.

"தீவாளிக்கு முந்துன ராத்திரிங்க.
ஆர்டர் நிக்குதுன்னாங்க, கடையெல்லாம் பூட்டியாச்சு.
ரெண்டு நாளைக்குன்னுதான்…"
எந்தத் தீபாவளி என்று நான் கேட்கவில்லை.
தகட்டின் மேல் பஞ்சுத்தூசி
குளிர்கால ஆட்டுக்குட்டி அளவுக்கு வளர்ந்திருந்தது.

மூன்று வருடமாக அந்த மூடியை வெறுங்கையால்
காலையில் ஏற்றி, ராத்திரியில் இறக்கியது
சென்னியப்பன்தான்.
இதையும் அவர் சொல்லவில்லை.
வருகைப் பதிவேட்டில் பார்த்தேன்.

பன்னிரண்டாம் வரியில் எண்பதை அழித்தேன்.
எட்டையும் போட முடியவில்லை;
எட்டுக்கும் ஒரு நொடிதான் கணக்கு,
இந்தத் தகடோ யாருக்காகவும் உருகாது.
கட்டத்தைக் காலியாக விட்டால்
மென்பொருள் ஒத்துக்கொள்ளாது.
பூஜ்யம் என்று அடித்தேன்.
குறிப்பு: உள்ளே இருக்க வேண்டியவர் இல்லை.
பிறகு அதையும் அழித்து
ரிப்போர்ட் மொழியில் எழுதினேன்.

கிளம்பும்போது தகட்டைக் கேட்டார் சென்னியப்பன்.
"நல்ல செம்புங்க."
கொடுக்கவில்லை.

காங்கேயம் வரைக்கும் பஸ்ஸில்
பைக்குள் கைவிட்டு
அதைத் தடவிக்கொண்டே வந்தேன்.
நாலு ஓரமும் அரம் போட்டு
வழவழப்பாய் மழித்திருக்கிறார்,
மாட்டுகிறவன் கையைக்
கிழித்துவிடக் கூடாதென்று.