மூன்று எழுத்து

வெள்ளிக்கிழமை ஐந்தரைக்குக்
கணக்குகளை மூடிவிட்டு
நூறாம் நம்பர் பஸ்ஸில் பம்பலப்பிட்டிக்கு வருகிறேன்.
மூன்றாம் மாடி. ஒரு பக்கம் படம் பார்க்க வந்த சனம்,
ஒரு பக்கம் பொரித்த கோழி மணம்,
நடுவில் கண்ணாடிக் கதவு.
சப்பாத்தைக் கழற்றி ருவந்தவின் மேசைக்கடியில் தள்ளுகிறேன்.
கேட்காமலே பத்து டோக்கன் எண்ணுவான்.
பிறகு ஈரத்துணியால் மேடையைத் துடைப்பான்,
ஐஸ்கிரீம் சிந்திய மூலையை மட்டும் இரண்டு தரம்.

நாலு அம்பு.
இடம், கீழ், மேல், வலம்.
இதில் வலத்துக்குக் காது மந்தம்.
குதியால் குத்தினால்தான் திரும்பிப் பார்க்கும்.
புதிதாய் வருகிறவர்கள் அதில்தான் தோற்று
மெசினைத் திட்டிக்கொண்டு கார் ஓட்டப் போவார்கள்.
நான் அதை மன்னித்து இரண்டு வருஷம்.

எட்டு வயதில் நடன வகுப்பில் விட்டார்கள்.
கால் சரி, முகத்தில்தான் ஒன்றும் வருகுதில்லை என்றா டீச்சர்.
கண்ணனைத் தேடச் சொன்னால்
பஸ் வருகிறதா என்று பார்க்கிறேனாம்.
இந்த மெசினுக்கு என் முகம் வேண்டாம்.
கொரியனோ ஜப்பானோ, பாட்டும் விளங்காது.
அம்பு கீழிருந்து ஏறும்,
கோட்டைத் தொடும் கணத்தில்
கால் அங்கே இருக்கவேண்டும்.
முந்தினாலும் பிழை. பிந்தினாலும் பிழை.
காலி வீதியில் வேறெதுவும்
இவ்வளவு நேர்மையாய் நேரம் பார்ப்பதில்லை.

முப்பத்தாறு வயதுக்காரி குதிப்பதை
படத்துக்குப் போகிற மாமிமார் நின்று பார்ப்பார்கள்.
"உடம்பு குறைக்கிறதுக்காக்கும்" என்றா ஒருத்தி.
இருக்கட்டும்.
வீட்டில் பழகினால்
கீழ்வீட்டு மிஸிஸ் ஞானராஜா
தும்புத்தடியால் சீலிங்கை இடிப்பா.
பாவம், அதையும் தாளத்தில்தான் இடிப்பா.

வென்றால் மெசின் பெயர் கேட்கும்.
மூன்று எழுத்துக்குத்தான் இடம், அதுவும் இங்கிலிஷில்.
மங்களேஸ்வரியை வெட்டினால்
எம், ஏ, என்.
ஆம்பிளை என்று மினுங்குகிறேன்.
எனக்கு மேலே எப்போதும் ஒரு ஆள்:
எஃப், ஏ, ஆர்.
தூரம்.
எந்தப் பாட்டை எடுத்தாலும்
என்னைவிட இருநூறு புள்ளி தூரம்.
பேட்டரி செத்த மெசின், கரண்ட் போனால்
எல்லாரையும் மறந்துவிடும்.
ஒரு கிழமைக்குள் திரும்ப எழுதிவிடுவோம்,
அது மேலே, நான் கீழே.

நேற்று தூரம் நேரில் வந்தது.
சாம்பல் பர்தா, விளையாட்டுச் சப்பாத்து,
முதுகில் டியூட்டரிப் பை, வயது பத்தொன்பது இருக்கும்.
பெயர் ஃபாரிஹா.
"நீங்களா அந்த மேன்?"
"நீயா அந்தத் தூரம்?"
இரண்டு பேரும் கொஞ்சம் ஏமாந்துதான் போனோம்.
அவள் என்னை ஒரு பெடியன் என்று நினைத்திருந்தாள்.
நான் என்ன நினைத்திருந்தேன் என்று சொல்லவில்லை.

பக்கத்துப் பக்கத்து மேடை. ஆகக் கஷ்டமான பாட்டு.
பாதியில் கரண்ட் போனது.
வெளிச்சம், கார்ச்சத்தம், ஏசி எல்லாம் ஒரே மூச்சில்.
எங்கோ ஒரு பிள்ளை வீரிட்டது.
கால் நிற்கவில்லை.
இடம் இடம் மேல், கீழ் இடம் மேல்,
இல்லாத பாட்டின் மேல் இரண்டு பேர்.
வலம் வந்தபோது கேட்டேன்,
அவளும் குதியால்தான் குத்தினாள்.

கடைசி அம்புக்குப் பிறகு மூச்சு மட்டும்.
"எனக்குப் பதினேழு பிழை" என்றேன்.
"எனக்கு ஒன்பது."
இருட்டில் எண்ணிக்கொண்டு ஆடியிருக்கிறாள், கள்ளி.

ரயிலுக்கு நேரமென்று
ஓடாத எஸ்கலேட்டரில் இறங்கி ஓடினாள்,
ஒரு படி விட்டு ஒரு படி.
ஜெனரேட்டர் உறுமியது.
மெசின் கண் விழித்து எங்களை மறந்திருந்தது.
ருவந்த மேசையில் இரண்டு டோக்கன் வைத்தான்,
"இது கணக்கில்லை, அக்கா."

மிக இலகுவான பாட்டொன்றை எடுத்தேன்.
முதலிடம். பெயர் கேட்டது.
அவள் செவ்வாய்க்கிழமைதான் வருவாளாம்.
அதுவரைக்கும்
ஆம்பிளை.

சப்பாத்துக்குள் கால் போக மறுத்தது.
கையில் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.