மற்றவை: குறியீடு ஒன்பது

வாரத்துக்கு மூன்று முறை சங்கு ஊதும்.
ஓடுபாதையில் பந்தாடுகிறவர்கள்
வலையைச் சுருட்டிக்கொண்டு ஓரம் போவார்கள்.
பாசெமெட்டாவின் நாய் மட்டும்
இரண்டாம் சங்குக்குத்தான் எழுந்திருக்கும்.
அப்புறம் விமானம்.
அப்புறம் அவர்கள்,
கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தொப்பியைத் தேடிக்கொண்டு.
அப்புறம் என் மேசைக்கு
வேர்வை பட்ட அட்டைகள்.

ஃபுனாஃபுட்டியில் என் வேலை இதுதான்:
எதற்கு வந்தார்கள் என்பதை
எண்ணாக்குவது.
ஓய்வு என்றால் ஒன்று. வியாபாரம் இரண்டு.
உறவினர் மூன்று. மாநாடு நான்கு.
நான்கில்தான் எப்போதும் கூட்டம்.
எங்கள் கடல் எத்தனை மில்லிமீட்டர் ஏறியது என்று
எங்களுக்கே சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஒஸ்லோ கணக்காளர் ஒருவர்
காரணம் என்ற கோட்டின் மேல்
‘நூற்றுத் தொண்ணூற்றொன்றாவது நாடு’ என்று எழுதியிருந்தார்.
முத்திரை வாங்கினார்.
நாயைப் படம் எடுத்தார்.
வந்த விமானத்திலேயே ஏறிவிட்டார்.
இன்னும் இரண்டு பாக்கியாம்.
ஓய்வும் இல்லை, வியாபாரமும் இல்லை.
ஒன்பது போட்டேன்.

ஓஹாயோவிலிருந்து வந்தவரின் அப்பா
போர்க்காலத்தில் இங்கே
விமானங்களுக்குப் பெட்ரோல் ஊற்றினாராம்.
ஓடுபாதைக்காகப் பவழப்பாறையைத் தோண்டிய
குழிகளைப் பார்க்க வேண்டும் என்றார்.
நிரப்பிவிட்டோம் என்றேன்.
நிரப்பிய இடத்தில் போய் நின்று
தொப்பியைக் கழற்றினார்.
அவருக்கு மூன்று போட்டேன், உறவினர் என்று.
மேலதிகாரி சிவப்பு மையில் திருத்தினார்.

‘மூழ்குவதற்கு முன் பார்க்க.’
போன வருடம் பதினேழு பேர்,
ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் மாதிரி
ஒரே வாக்கியம்.
சாவு வீட்டுக்கு
ஒரு நாள் முன்னதாக வந்துவிட்டவர்களைப் போல
குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள்,
நான் பிஸ்கட் மென்றுகொண்டிருக்கும்போதே.

அவர்களில் ஒருவர் படம் எடுப்பவர்.
பிப்ரவரிப் பெருநீரில்
எதிர்வீட்டு செமுவை
முழங்கால் ஆழத்தில் நிற்கச் சொன்னார்.
செமு கேட்டான்: சிரிக்கலாமா?
வேண்டாம் என்றார்.

என் தம்பி பெனியெலி
ஆப்பிள் பறிக்க நியூசிலாந்து போகிறான்.
அவனுக்கு வந்த படிவத்தையும் நான்தான் நிரப்பினேன்.
அதில் காரணத்துக்கு ஒரு வரிதான்.
எப்போது திரும்புவாய் என்பதற்கு
மூன்று பக்கம்.
எங்கள் அட்டையில் அந்தக் கேள்வி சின்ன எழுத்தில், கீழே.
யாரும் சரியாகப் படிப்பதுகூட இல்லை.

மின்சாரம் போன ஒரு ராத்திரி
ஊரே பாயை எடுத்துக்கொண்டு
ஓடுபாதைக்குப் போனது. வழக்கம்தான்.
கடலுக்கும் கடற்கழிக்கும் நடுவே
கொஞ்சம் காற்று கிடைக்கிற இடம் அதுதான்.
பூசானிலிருந்து வந்திருந்த பெண்,
அட்டையில் ஒன்று, ஓய்வு,
விடுதிப் படுக்கை விரிப்போடு வந்து நின்றாள்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
ஃபலாயிலேயின் பிள்ளைகள் தூக்கத்திலேயே
கொஞ்சம் நகர்ந்து படுத்தார்கள்.
தார் இன்னும் சூடாகத்தான் இருந்தது.
அவள் குறட்டை விட்டாள், பலமாக.
நட்சத்திரங்களைப் பற்றி அவள்
ஒன்றும் சொல்லவில்லை என்பது எனக்குப் பிடித்திருந்தது.

புறப்படும்போது தரும் தாளில்
இங்கே எது பிடித்தது என்று கேட்போம்.
கைபேசியில் எங்கள் மொழிச் சொல்லைத் தேடி
எழுத்து எழுத்தாக வரைந்திருந்தாள்:
‘மடாங்கி’. காற்று.
அதற்கு எண் இல்லை.

மாதக் கணக்கில் ஒன்பதுதான் பெருத்துக்கொண்டே போகிறது.
சுவாவிலிருந்து கடிதம் வந்திருக்கிறது:
மற்றவை குறைய வேண்டும்,
வருகிறவர் ஏன் வருகிறார் என்று தெரியாமல்
சுற்றுலாவை எப்படி வளர்ப்பது?
கூடவே ஒரு விளம்பர மாதிரி.
வெள்ளை மணல், சாய்ந்த தென்னை.
ஆள் ஒருவர்கூட இல்லை.

இதைச் சரிசெய்ய வெள்ளிக்கிழமை
ஓர் ஆலோசகர் வருகிறாராம்.
வரட்டும்.
அவர் அட்டையும்
என் மேசைக்குத்தான் வரும்.