பிற்காலச் சேதம்

மாங்குளம் தபாற்கந்தோருக்குப் படிகள் மூன்று.
கருங்கல்.
நடுப்படி நடுவில் குழிந்திருக்கும்,
மழை விட்ட மறுநாளும் அதில் ஒரு சிரட்டைத் தண்ணீர்.

மாதம் ஒருமுறை உதவிப்பணத்துக்கு
அமிர்தசீலன் சில்லுக் கதிரையில் வருவார்.
கீழே நின்று "பிள்ளை" என்பார்.
பேரேட்டையும் மைப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு
நான் இறங்கிப் போவேன்.
"உள்ளுக்கை எப்பிடி இருக்கும்?" என்று ஒருநாள் கேட்டார்.
விசிறி ஓடுது, வேறை ஒண்டுமில்லை எண்டேன்.

அன்று பின்னேரம் எழுதினேன் முதற் கடிதம்:
சாய்தளம் ஒன்று, நீளம் பன்னிரண்டு அடி.
கதவுநிலையை ஒன்பது அங்குலம் அகலிக்க வேண்டும்.

பிரதேச சபை: எமது அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல.
தலைமையகம்: கட்டடம் எம்முடையது, சுவர் எம்முடையதல்ல.
தொல்பொருள் திணைக்களம்: வர்த்தமானியில் வந்த கட்டடம்,
படிவத்தை மூன்று பிரதிகளில் அனுப்புக.
படிவம் சிங்களத்தில் இருந்தது.
வவுனியாவில் நிரப்பித் தர ஒருவர், ஐந்நூறு ரூபாய்.
எல்லாம் தபாலில்தான் போய் வந்தன.
எல்லாவற்றுக்கும் நானே முத்திரை குத்தினேன்.

பதினாலாம் மாதம் விஜேகோன் வந்தார், அளவுநாடாவோடு.
நல்ல மனிசன். சப்பாத்தை வாசலில் கழற்றினார்.
படிக்குழியை விரலால் தடவி
"நூறு வருசத்துக் கால்" என்றார், பாதித் தமிழில்.
பிறகு தெற்குச் சுவரில் சன்னத் துவாரங்களை எண்ணி
நாற்பத்தொன்று என்று எழுதினார்.
நாற்பத்துமூன்று ஐயா,
இரண்டு அலுமாரிக்குப் பின்னாலை.

முடிவு வந்தது.
படியும் நிலையும் மூலப் பகுதிகள், தொடலாகாது.
துவாரங்கள் பிற்காலச் சேதம்.
சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று குழைத்து
அடைக்க அனுமதி உண்டு.

அடைக்க நான் கேட்கவேயில்லை.

வாசித்துக் காட்டினேன். அமிர்தசீலன் சிரித்தார்.
"அப்ப நானும் பிற்காலச் சேதம்தான்,
அடைச்சு விடுங்கோவன்."

கடைசிப் பக்கம், ஏழாம் பந்தி, சின்ன எழுத்து:
கட்டடத்தோடு பொருத்தாத, கழற்றி எடுக்கக்கூடிய
எதற்கும் அனுமதி தேவையில்லை.

ஞாயிறு, இராசமலர் தையல் மெசினோடு வந்தா.
பழஞ்சீலைகள் ஒன்பது.
அளவு கேட்கவில்லை, மடித்து அடித்துக்கொண்டே போனா.
மணல் அள்ளினோம்.
எந்தப் பை அடியில், எந்தப் பை மேலே,
கட்டிய வாய் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்,
ஒருவரும் ஒருவருக்கும் சொல்லவில்லை.
நீலச் சீலை ஒன்றுக்கு வந்தபோது மட்டும்
மெசினை நிற்பாட்டிவிட்டுக்
கொஞ்ச நேரம் இருந்தா. பிறகு அதையும் அடித்தா.

மேலே பனம்பலகை போட்டோம்.

திங்கள் காலை அமிர்தசீலன் ஏறினார்.
கதவுநிலை இன்னும் ஒன்பது அங்குலம் ஒடுக்கம்.
நிலையில் முழங்கை ஊன்றி எட்டி,
மேசை, தராசு, அலுமாரி, முகடு, எல்லாம் பார்த்தார்.
"விசிறி ஓடேல்லையே?"

கறண்ட் இல்லை எண்டேன்.