அறுபது மில்லிமீட்டர் தண்ணீர்

யூ வடிவத்தில் வளைந்த கண்ணாடிக் குழாய்,
பாதிவரை சிவப்புத் தண்ணீர்.
அதுதான் என் அலுவலகம்.
மற்றதெல்லாம் பெரியபட்டினத்து மாடியறை:
துருவேறிய ஜன்னல் கொக்கி,
உப்பில் பிசுபிசுக்கும் கீபோர்டு,
நாலு நாளாகக் காயாத பள்ளிச் சட்டை.

சுண்டுவிரல் நீளக் குச்சி.
நெருப்பு வைக்கக் கூடாது, சூடு மட்டும்.
உள்ளே கிளிசரினில் ஊறிய தாள்,
பின்னால் வெற்றுக் குழல்,
அதற்கும் பின்னால் ஏலக்காய்க் குமிழி,
கடைசியில் யாரோ ஒருவரின் உதடு.
உதட்டிலிருந்து பன்னிரண்டாம் மில்லிமீட்டரில்
பத்துத் துளைகள். அவை என்னுடையவை.
ஊசிமுனைகூடப் பெரிது அவற்றுக்கு.

லிஸ்பனிலோ வார்சாவிலோ ஒருத்தி
பேருந்துக்கு நிற்கையில் இழுப்பாள்.
முதல் இழுப்பு வெறும் நீராவியாய் வரக் கூடாது.
ஏழாவது நாக்கைச் சுடக் கூடாது.
பன்னிரண்டாவதிலும் ஏலக்காய்
ஏலக்காயாகவே இருக்க வேண்டும்.
அதற்குக் குழாயில் தண்ணீர் அறுபது ஏற வேண்டும்,
ஐந்து கூடலாம், ஐந்து குறையலாம்.

இங்கே கடையில் வைக்க முடியாத சரக்கு.
இந்த ஊரில் இதை இழுத்தது
என் மேசைமேல் இருக்கும் பம்பு மட்டும்தான்:
இரண்டு நொடி, ஐம்பத்தைந்து மில்லி,
அரை நிமிட ஓய்வு, மறுபடி.
இருமாது. பெருமூச்சு விடாது.

புரட்டாசிவரை எல்லாம் சரியாக இருந்தது.
ஐப்பசியில் கொண்டல் திரும்பியது.
பெட்டி திறந்த கால்மணி நேரத்தில்
தாள் கடலைக் குடித்து உப்பிவிட்டது.
எழுபத்தெட்டு. எண்பத்து மூன்று. தொண்ணூறு.
காற்று நுழைய வழியில்லை.
ஈரப்பதம் என்று எழுதினேன்.
ஜன்னலைச் சாத்துங்கள் என்று பதில் வந்தது.
சாத்தித்தான் இருந்தது.
இந்த ஊரில் சாத்துவது என்பது ஒரு பேச்சுக்கு.

இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற
நூகு வந்தான்.
சங்கு குளிக்கிறவன். மழையில் கடல் கலங்கி
வள்ளம் இறங்காத வாரம்.
"என்ன லாத்தா இது, பீடியா?"
"இல்ல. சும்மா இழு. தண்ணி எவ்வளவு ஏறுதுன்னு பாப்போம்."
ரப்பர் குழாயின் நுனியை நீட்டினேன்,
எதற்கென்று எனக்கே தெரியாமல்.
பம்பைத் தவிர யாராவது இழுக்கட்டுமே என்றிருக்கலாம்.

கண்ணை மூடிக்கொண்டான்.
பிறகு இழுத்தான்.
எட்டு நொடி. ஒன்பது. விடவில்லை.
தண்ணீர் அறுபதைக் கடந்து, நூறைக் கடந்து,
அளவுகோல் முடிந்த இடத்திலும் நிற்காமல்
குழாய்வழி போய் அவன் வாயில் விழுந்தது.
சிவந்த பல்லோடு துப்பினான்.
"சப்புன்னு இருக்கு லாத்தா. உப்பே இல்ல."

சிரித்து முடித்து, துடைத்து முடித்து,
பம்பு வேலை செய்வதைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.
"எல்லா இழுப்பும் ஒண்ணு போலயே இருந்தா
எப்ப நிறுத்தணும்னு எப்படித் தெரியும்?"
"பன்னெண்டு ஆனா மெஷின் தானா அணைஞ்சுரும்."
"அதுக்கப்புறம்?"
"அடுத்த குச்சி."
சரி என்பதுபோல் தலையாட்டிவிட்டு
பேட்டரியின் மூடிகளைத் திருகத் தொடங்கினான்.

அன்றிரவு வெற்றுக் குழலின் உள்விட்டத்தைக்
கால் மில்லிமீட்டர் கூட்டினேன்.
துளைகளை ஒரு நூல் பின்னுக்குத் தள்ளினேன்.
ஈரத் தாளே இருக்கட்டும் என்று அதற்கேற்ப வரைந்தேன்.
அறுபத்திரண்டு. ஐம்பத்தொன்பது. அறுபத்தொன்று.
மின்சாரம் இரண்டு முறை போய் வந்தது.

அட்டவணையில் நாற்பத்தோராவது வரிசை மட்டும் சிவப்பு.
பெயர்: நூகு. அளவு: எல்லைக்கு வெளியே.
சேர்க்காமல் விடலாமா என்று கேட்டது கணினி.
ஆம் என்று அழுத்தினேன்.
சராசரி உடனே அறுபதில் வந்து நின்றது.

தரையில் அவன் துப்பிய சிவப்பு
இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.
இந்தக் காற்றில் எதுவும் சீக்கிரம் காயாது.