இருபத்திரண்டு மில்லிமீட்டர்

"இப்போதெல்லாம் சாதுவாகிவிட்டது" என்றான் வெல்கோ,
பையோடு இறக்கையை என் மேசையில் போட்டு,
ஏதோ நாயைப் பற்றிச் சொல்வதுபோல.
மூன்று கோடை, ஓர் ஆலங்கட்டி மழை,
நனைந்ததை நனைந்தபடியே மடித்துவைத்த ஒரு குளிர்காலம்:
இவை எதையும் அவன் சொல்லவில்லை.
துணி சொன்னது. பூஞ்சை வாசம்.

சோபோத்தில் என் பட்டறை
லிஃப்ட் நாற்காலிகள் மலையேறும் பாதைக்குக் கீழே,
வால்நட் மரத்துக்குப் பின்னால்.
ஒரு சுவரில் கொக்கி, எதிர்ச்சுவரில் லேசர்.
ஐந்து கிலோ இழுவிசையில்
ஒவ்வொரு கயிறாக மாட்டி, படித்து, எழுதி
மத்தியானம் போய்விட்டது.
ரேடியோவில் பிளாவ்திவ் அணி தோற்றுக்கொண்டிருந்தது.

முன்வரிசைக் கயிறுகள் சொன்ன அளவில் நிற்கின்றன.
வெல்கோவின் தொண்ணூற்று நாலு கிலோவில்
பெரும்பங்கு அவற்றின் தலையில்.
சுருங்கியிருப்பது பின்வரிசை.
சுமை குறைந்தவை சுருங்குகின்றன.
இதை வைத்து உபதேசம் செய்யப்போவதில்லை.
என் மைத்துனன் நினைவுக்கு வந்தான், அவ்வளவுதான்.

இருபத்திரண்டு மில்லிமீட்டர்.
என் சுண்டுவிரல் நுனியிலிருந்து முதல் கணு வரை.
அந்த அளவுக்குப் பின்விளிம்பு கீழே இழுபட்டு,
கை பிரேக்கைத் தொடாமலேயே
பிரேக் பிடித்தபடி
ஒரு வருடம் பறந்திருக்கிறான் இந்த ஆள்.
அதற்குப் பெயர் சாது.
இன்னும் ஒரு விரற்கடை சாதுவாகியிருந்தால்
மேல்துணியிலிருந்து காற்று வழுக்கிப்போய்,
குடை விரிந்தபடியே இருக்க,
முன்னே போவதை மட்டும் மறந்து
அவனை இறக்கியிருக்கும்
நேர் கீழே,
சத்தமில்லாமல்.

தொழிற்சாலை இதற்காகவே
பின்கயிறுகளில் ஒரு சுற்று கூடுதலாகப் போட்டு அனுப்புகிறது.
வளையத்தைத் திருகித் திறந்து அந்தச் சுற்றை அவிழ்த்தேன்.
இடம், வலம், இரண்டும் ஒன்றுபோல.
மறுபடி அளந்தேன். இரண்டு மில்லிமீட்டர் மிச்சம்.
விட்டுவிட்டேன். அதற்குமேல் போனால்
நான் திருத்துவது கயிற்றை அல்ல, என் கர்வத்தை.

சனிக்கிழமை இறங்குகளத்தில் நின்றேன்.
கூலி வாங்க வந்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டு.
ரோஜா மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று
வாசத்தைப் பின்னால் சிந்திக்கொண்டே போனது.
மலைவிளிம்பில் இறக்கை எழுந்தது:
பழையபடி பின்னால் தொங்கி யோசிக்காமல்,
ஒரே மூச்சில் தலைக்கு மேல்.
வெல்கோ இரண்டு எட்டு தடுமாறி ஓடினான்.

மேலேறும் காற்றில் பிரேக்கைத் தாங்கி மெல்லச் சுற்றினான்.
சரி.
பிறகு, அவன் வழக்கம்போல,
காற்று இழுத்த இழுப்புக்குக் கார்லோவோ பக்கம் போய்விட்டு
நாலு மணிக்குத் திரும்பப் பார்த்தான்.
பள்ளத்தாக்கின் மேல்காற்று அப்போதுதான் விழித்திருந்தது.

அங்கேதான் எல்லாருக்கும் கை பொய் சொல்லும்.
உயரம் கரையும்போது, சிக்கனம் என்று நினைத்து
மெதுவாகப் பறக்கச் சொல்லும்.
எதிர்க்காற்றில், இறங்கும் காற்றில்
மெதுவாகப் போகிறவனுக்கு
நின்ற இடத்திலேயே உயரம் தீரும்.

மிதி, வெல்கோ.
சத்தமாகச் சொல்லவில்லை. ரேடியோ இடுப்பில்தான் இருந்தது.
இறக்கையின் மூக்கு குனிந்தது.
கால்கள் நீண்டன, பாதி மிதி.
பாப்லர் மரங்கள் அவனுக்குக் கீழே
பின்னால் போகத் தொடங்கின, ஒவ்வொன்றாக.

குன்றின் மடியில் காற்று கிழிந்து கிடக்கும் இடம் ஒன்றுண்டு.
அதற்குச் சற்று முன்பே மிதியை விட்டான்.
மூக்கு நிமிர்ந்தது. துணி ஒருமுறை நடுங்கி,
பிடித்துக்கொண்டது.
நானும் மூச்சை விட்டேன்.

"இழுக்கிறது" என்றான், தலைக்கவசத்தைக் கழற்றாமல்.
"பயமாக இருந்தது."
எங்கே, மலைவிளிம்பிலா?
"இல்லை. பாப்லருக்கு மேலே.
போன வருடம் இதே இடம் ஞாபகம் வந்தது."

காசை எண்ணிக் கொடுத்தான். ஒரு லெவா குறைந்தது.
பிறகு குனிந்து
ஈரப் புல்லிலேயே இறக்கையை மடிக்கத் தொடங்கினான்.
அதன் ஓரத்தில் என் காலை வைத்தேன்.