ஆறுதலா

பார்சல் கொழும்பு பஸ்ஸில் வந்தது,
மாங்குளம் சந்தியில் விடிய நாலரைக்கு.
மதர்போட்டை மடியில் வைத்துக்கொண்டு
ஒட்டுசுட்டான் வரைக்கும் ஓட்டோவில் வந்தேன்,
ஒவ்வொரு கிடங்குக்கும் மூச்சைப் பிடித்து.

பூட்டி முடித்து மூன்றாம் நாள் நீலத்திரை.
இராசகிளி மாஸ்டர் வீட்டு வரைபடத்தில்
குசினிச் சுவரைக் கீறிக்கொண்டிருந்தேன்.
சேமிக்க அமத்தினேன், செத்தது.
திரும்பத் திறந்தால் கோப்பு இருக்கிறது,
குசினி இல்லை.

கரண்டைத்தான் முதலில் திட்டினேன்.
பக்கத்து வளவில் மோட்டர் போட்டால்
எங்கள் லைற் குனிந்து நிமிரும்.
பிலோமினா அக்காவிடம் போய்
ஒரு நாளைக்கு இறைக்க வேண்டாம் என்றேன்.
மிளகாய்க்கன்று வாடுமே என்று சொல்லவில்லை,
நிப்பாட்டினா.
மோட்டர் இல்லாமலும் செத்தது.

கிளிநொச்சிக் கடையிலிருந்து யசிந்தன் போனில் சொன்னான்:
"ராம் ரெண்டையும் கழட்டுங்கோ.
பள்ளிக்கூடப் பிள்ளையளின்ர அழிறப்பரால
அந்தப் பொன்னிறக் காலைத் தேயுங்கோ.
பேந்து இரவு முழுக்கச் சோதனையை ஓடவிடுங்கோ."

சோதனை என்றால் வேறொன்றுமில்லை.
லட்சக்கணக்கான அறைகளில்
அறைக்கு ஒன்றாக எண்களை எழுதும்.
ஒரு சுற்றுச் சுற்றி வந்து
என்ன எழுதினேன், சொல் பார்ப்போம் என்று கேட்கும்.
ஒரேயொரு இலக்கம் பிசகினாலும்
வரி சிவக்கும்.

மூன்று பத்துக்கு முதல் சிவப்பு.
நுளம்புவலைக்குள் இருந்தபடி எண்ணினேன்,
நாற்பத்தொன்று வரை.

ஒன்றைக் கழற்றி மற்றதை ஓடவிட்டேன்: பிழை இல்லை.
மற்றதைக் கழற்றி இதை: பிழை இல்லை.
ஸ்லொட்டை மாற்றிப் பார்த்தேன்: இல்லை.
சோடியாகப் போட்டால் சிவப்பு.
எது பழுது என்றால்
ஒன்றுமில்லை என்கிறது.
அப்போ எல்லாம் சரியா என்றால்
அதுவும் இல்லை என்கிறது.

நாலாம் இரவு யசிந்தன் கொட்டாவி விட்டுக்கொண்டு சொன்னான்:
"பெட்டியில போட்டிருக்கிற வேகத்தை நம்பாதேங்கோ அக்கா.
அது விக்கிறதுக்கு எழுதினது.
கொஞ்சம் குறைச்சு விடுங்கோ."
மூவாயிரத்து அறுநூறை
மூவாயிரத்து இருநூறாக்கிவிட்டுப் படுத்தேன்.
விடிய எழும்பினால் நாலு சுற்று முடிந்து
பிழை பூச்சியம்.

திருப்பியனுப்பவென்று எடுத்துவைத்த பெட்டியில்
கோழி ஏறி இருந்தது. எழுப்பவில்லை.

அன்று பின்னேரம் பிலோமினா அக்கா வந்தா,
கையில் படிவம்.
புது அலுவலகமாம், கேள்விகள் பழையவை.
அடித்துத் தரட்டாம்.
முன்னம் கொடுத்தவற்றின் பிரதிகளும் பையில் இருந்தன.
ஒன்றில் அவன் நீலச் சேட்டு,
ஒன்றில் பச்சைச் சேட்டு.
ஒன்றில் பதினாலாந் திகதி,
ஒன்றில் பதினைந்து.
யாரோ சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருந்தார்கள்.

"எது சரி எண்டு கேட்டவை.
பத்து நிமிசந்தான் தந்தவை, பிள்ளை.
பின்னால வரிசை."

உடுத்திருந்த உடை என்ற கட்டத்துக்குள்
கோடு ஒன்று மின்னி மின்னி நின்றது.
விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தேன்.
"அவசரமில்லை அக்கா,
ஆறுதலாச் சொல்லுங்கோ."

முதலில் மிளகாய்க்கன்றைப் பற்றிச் சொன்னா,
அன்றைக்கு இறைக்காததில்
ரெண்டு பட்டுப்போனதாம்.
பிறகு பரந்தனில் தைப்பித்த கடை,
தையற்காரன் கேட்ட கூலி,
ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறம்.
பிறகு துணி.
நீலந்தான். நீலத்தில்
பச்சைக் கோடு போட்டது.

அடித்தேன்.

திகதிக்கு வரமுதல் இருட்டிவிட்டது.
நாளைக்கு வாறன் எண்டு எழும்பினா.
சேமித்தேன், மூடித் திறந்து பார்த்தேன், இருந்தது.
கொஞ்ச நேரத்தில்
வேலிக்கு அந்தப்பக்கம் மோட்டர் சத்தம்.
லைற் குனிந்து
நிமிர்ந்தது.